ப்ராசசர் உட்காரும், எஸ்எம்பிஎஸ் தாங்குமா?

கேள்வி: கல்லூரியில் படிக்கும் மகனுக்குக் குறைந்த செலவில் கேமிங் கம்ப்யூட்டர் அசெம்பிள் செய்யப் பார்க்கிறோம். ரைசன் 5 5600 ப்ராசசர், செகண்ட் ஹேண்ட் பி450 மதர்போர்டு, ஆர்எக்ஸ் 6600 கிராஃபிக்ஸ் கார்டு, 16 ஜிபி டிடிஆர்5 ரேம் ஒன்று, 450 வாட் எஸ்எம்பிஎஸ்ஸோடு (பாகங்களுக்கு மின்சாரம் பிரித்துத் தரும் பெட்டி) சேர்ந்து வரும் கேபினட். ரிச்சி தெருவில் ஒரு கடையில் எல்லாம் செட் ஆகும் என்கிறார்கள், இன்னொரு கடையில் உதட்டைப் பிதுக்குகிறார்கள். வாங்கலாமா?
வாசகர், தண்டையார்பேட்டை

பதில்: ரேமை முதலில் மாற்றுங்கள். பி450 போர்டில் டிடிஆர்4 மட்டும்தான் ஏறும். டிடிஆர்5-இல் வெட்டு வேறு இடத்தில் இருக்கும். அழுத்தினால் ஸ்லாட்தான் உடையும். டிடிஆர்4 3200-இல் 8 ஜிபி இரண்டாக வாங்குங்கள். ஒற்றை ரேம் என்றால் ஒரே சேனலில் ஓடி, கேமில் பிரேம் குறையும். நான்கு ஸ்லாட் இருந்தால், ப்ராசசர் பக்கமிருந்து எண்ணி இரண்டாவதிலும் நான்காவதிலும் செருகவேண்டும். பயாஸில் (போர்டுக்குள் இருந்து, ஆன் செய்ததும் முதலில் ஓடும் மென்பொருள்) எக்ஸ்எம்பியை, அதாவது ரேமை முழு வேகத்தில் ஓட்டும் அமைப்பை, ஆன் செய்ய மறந்தால் 3200 ரேம் 2133, 2400 என்று நொண்டும்.

போர்டும் ப்ராசசரும் ஒரே ஏஎம்4 சாக்கெட்தான். ஆனால் பி450 வந்தது 2018-இல், 5600 வந்தது 2022-இல். பழைய பயாஸுக்கு இந்த ப்ராசசர் யாரென்றே தெரியாது: ஃபேன் சுற்றும், திரை கறுப்பாகவே கிடக்கும். போர்டு கம்பெனியின் இணையதளத்தில் உங்கள் மாடலுக்கான ப்ராசசர் பட்டியலைத் திறந்தால், 5600-க்கு நேராக எந்த பயாஸ் பதிப்பு வேண்டும் என்று இருக்கும். விற்பவரையே பழைய ரைசன் ஒன்றைப் போட்டு ஆன் செய்து, அந்தப் பதிப்புக்கு ஏற்றிக் காட்டச் சொல்லுங்கள். காட்டமாட்டேன் என்றால் அந்த போர்டு வேண்டாம். காசிமேடு, திருவொற்றியூர் மாதிரி கடலோர வீட்டில் ஓடிய போர்டாக இருந்தால், பின்பக்க யுஎஸ்பி, ஆடியோ துளைகளில் டார்ச் அடித்துப் பாருங்கள். உப்புக்காற்றில் பச்சை பூத்திருந்தால் உள்ளேயும் அரித்திருக்க வாய்ப்பு உண்டு.

உண்மையில் பயப்படவேண்டியது கேபினட்டோடு வரும் எஸ்எம்பிஎஸ்ஸுக்குத்தான். பெட்டியில் அச்சடித்த 450-ஐப் பார்க்காதீர்கள். பக்கவாட்டு லேபிளில் 12 வோல்ட் கட்டத்துக்குக் கீழே எத்தனை ஆம்பியர் என்று பாருங்கள். அதை 12-ஆல் பெருக்குங்கள். 16 ஆம்பியர் என்றிருந்தால் 192 வாட், அவ்வளவுதான். ஆர்எக்ஸ் 6600 மட்டுமே 132 வாட் கேட்கும். ப்ராசசருக்கு 80 என்று வைத்தாலே 212 வந்துவிட்டது, ஃபேன், டிஸ்க் எல்லாம் தனி. விண்டோஸ் நன்றாக ஓடும், படம் ஓடும். கேமைத் திறந்து பத்து நிமிடத்தில் சட்டென ரீஸ்டார்ட் ஆகும். பழியை எல்லோரும் கிராஃபிக்ஸ் கார்டின் மேல் போடுவார்கள்.

இன்னொன்று, அந்தக் கார்டுக்கு 8 பின் கனெக்டர் ஒன்று வேண்டும். மலிவு எஸ்எம்பிஎஸ் பலவற்றில் அது இருக்காது. கடையில் மோலெக்ஸ் கன்வர்ட்டர் ஒன்றைக் கையில் திணிப்பார்கள். வேண்டாம், சூடேறி உருகும். ப்ராசசருக்கான 8 பின் (4+4) வேறு, கார்டுக்கான 8 பின் (6+2) வேறு. ஒன்றின் இடத்தில் மற்றொன்றை அழுத்திச் செருகாதீர்கள். 80 ப்ளஸ் ப்ரான்ஸ் (மின்சாரத்தை வீணாக்காததற்கான வெண்கலத் தரச்சான்று) தரத்தில் 550 வாட், 12 வோல்ட்டில் 35 ஆம்பியருக்குக் குறையாமல் தனியாக வாங்குங்கள். எஸ்எம்பிஎஸ் இல்லாத கேபினட் எடுத்தால் அந்தப் பணமும் மிச்சம். கேபினட்டில் கார்டின் நீளம் அடங்குமா என்று மில்லிமீட்டரில் பார்த்துக்கொள்ளுங்கள்.

பட்ஜெட் இடித்தால் ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டிக்கு இறங்கச் சொல்வார்கள். அது போர்டோடு நான்கு லேனில் (தகவல் போய்வரும் பாதை) மட்டும் பேசும் கார்டு. பி450-இல் கார்டு செருகும் ஸ்லாட் பழைய, வேகம் குறைந்த பிசிஐஇ 3.0 என்பதால் நன்றாகவே அடிவாங்கும். 6600-க்கு எட்டு லேன் இருப்பதால் இழப்பு சொற்பம்.

ரிச்சி தெருவுக்குத் தண்டையார்பேட்டையில் மெட்ரோ ஏறினால் மாறாமல் அரசினர் தோட்டத்தில் இறங்கலாம். போனில் பேசி முடிக்காமல் நேரில் போய் லேபிளைப் படியுங்கள். பில்லில் ஒவ்வொரு பாகத்தின் சீரியல் நம்பரையும் எழுதி வாங்குங்கள். பில் போடாமல் ஜிஎஸ்டி 18 சதவீதத்தைக் குறைக்கிறேன் என்றால், வாரண்டிக்கு அலையும்போது கையில் காட்ட ஒன்றும் இருக்காது.

கேள்வி: இதே 5600-ஐ அசெம்பிள் செய்துவிட்டோம். எல்லாம் ஓடுகிறது, மானிட்டரில் 'நோ சிக்னல்'. போர்டு போய்விட்டதா?
வாசகி, வியாசர்பாடி

பதில்: எச்டிஎம்ஐ கேபிளை போர்டின் பின்பக்கம் செருகியிருப்பீர்கள். 5600-க்குள் கிராஃபிக்ஸ் கிடையாது, அந்தத் துளையில் படம் வராது. கேபிளைக் கழற்றி, கீழே படுக்கைவசமாக இருக்கும் கிராஃபிக்ஸ் கார்டின் துளையில் செருகுங்கள். அப்போதும் வராவிட்டால் பவரை அணைத்து, ரேமைக் கழற்றி, தங்கநிறக் கோடுகளை ரப்பரால் மெல்லத் துடைத்து, கிளிப் 'டக்' என்று விழும்வரை மறுபடி அழுத்துங்கள்.