நியூட்ரலில் சீறும் படகு இன்ஜின் கியர் போட்டால் திணறுகிறது. இன்ஜெக்டரை மாற்றலாமா?

நீங்கள் கேட்டிருப்பது இதுதான்: படகின் டீசல் இன்ஜின் நியூட்ரலில் நன்றாக ரெய்ஸ் ஆகிறது, கியர் போட்டு வேகம் கூட்டினால் கொஞ்ச நேரத்தில் இழுவை போய்விடுகிறது, இன்ஜெக்டரையும் (சிலிண்டருக்குள் டீசலைப் பீய்ச்சும் பாகம்) பம்பையும் கழற்றச் சொல்கிறார்கள், கழற்றலாமா?

இப்போதைக்கு வேண்டாம். இதே பேச்சைக் கேட்டு நான்கு இன்ஜெக்டரையும் கழற்றிக் கொடுத்துவிட்டு ஏழு வாரம் படகைச் சும்மா கட்டிப்போட்டவன் நான். அதனால் இந்தக் கேள்வியைத் தாண்டிப்போக மனம் வரவில்லை. உங்களுடையது இன்போர்டு (படகுக்குள்ளேயே பொருத்திய இன்ஜின்), பழைய டேங்க், கம்ப்யூட்டர் இல்லாத இன்ஜின் என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன்.

என்னுடையது 40 ஹெச்பி, நான்கு சிலிண்டர், டர்போ கிடையாது. கிளம்பும்போது ஒரு குறையும் தெரியாது. அரை மணி நேரம் முழு வேகத்தில் போகும். அப்புறம் யாரோ லீவரை மெல்ல மெல்லப் பின்னால் இழுப்பதுபோல 2,600 ஆர்பிஎம்மிலிருந்து (நிமிடத்துக்கு இத்தனை சுற்று) இறங்கி 1,500-இல் வந்து நிற்கும். லீவரை எவ்வளவு தள்ளினாலும் ஏறாது. அணைத்துவிட்டு ஐந்து நிமிடம் கழித்து எடுத்தால் பழையபடி ஓடும். மறுபடி அரை மணி நேரம்தான்.

மெக்கானிக் வந்தார். கட்டியிருந்த படகிலேயே நியூட்ரலில் நாலு தடவை ரெய்ஸ் பண்ணிக் கேட்டார். “இன்ஜெக்டர் போயிடுச்சு” என்றார். நானும் தலையாட்டினேன். என்னோடு படகில் வரும் தம்பி மட்டும், “அண்ணே, அஞ்சு நிமிஷம் நிறுத்துனா சரியாயிடுதே, கெட்டுப்போன இன்ஜெக்டர் தானா எப்படிண்ணே சரியாகும்?” என்று கேட்டான். நான் அவனை அடக்கிவிட்டேன். இன்றைக்கும் அது என்னை உறுத்துகிறது. முழு விஷயமும் அந்த ஒரு கேள்வியில் இருந்தது.

இன்ஜெக்டர்களுக்குப் புது நாசில் (டீசலைத் தெளிக்கும் நுனி) போட்டு, பம்பையும் டெஸ்ட் பெஞ்சில் வைத்துச் சரிபார்த்து, எல்லாம் மாட்டிக்கொண்டு கிளம்பினோம். சரியாக அரை மணி நேரத்தில் இன்ஜின் இறங்கியது.

நியூட்ரலில் ரெய்ஸ் பண்ணிப் பார்ப்பதில் ஏன் ஒன்றும் தெரியாது என்பதை அதற்குப் பிறகுதான் உட்கார்ந்து யோசித்தேன். அந்த அளவு இன்ஜின் சும்மா ஓடும்போது மணிக்கு ஒரு லிட்டர் குடித்தாலே அதிகம். முழு லோடில் எட்டு லிட்டருக்கு மேல் கேட்கும். பாதி அடைத்த குழாய்கூட ஒரு லிட்டரைத் தாராளமாகக் கொடுத்துவிடும். ப்ரொப்பல்லரின் கணக்கு இன்னும் கடுமை: வேகம் இரண்டு மடங்கானால் அதைச் சுற்றத் தேவையான சக்தி ஏறக்குறைய எட்டு மடங்காகும். பாதி ஆர்பிஎம்மில் எட்டில் ஒரு பங்கு போதும், 80 சதவீத ஆர்பிஎம்மிலும் பாதி சக்திதான் செலவாகிறது. ஆகவே கோளாறு மேல்மட்ட வேகத்தில் மட்டுமே முகம் காட்டும். கடலில், லோடில், அது திணறுகிற அந்த நிமிடத்தில்தான் பார்க்க வேண்டும்.

அப்போது முதலில் புகையைப் பாருங்கள். இன்ஜின் திணறும்போது கரும்புகை வந்தால் டீசல் போகிறது, எரியக் காற்று போதவில்லை, அல்லது இழுக்க முடியாத சுமை மேலே இருக்கிறது. ஏர் பில்டர், இன்ஜின் அறைக்குக் காற்று வரும் வழி, எக்ஸாஸ்ட் எல்போவில் (புகை வெளியேறும் வளைகுழாய்) கரி அடைப்பு, ப்ரொப்பல்லரில் சுற்றிய கயிறு, அடிப்பாகத்தில் ஒட்டிய சிப்பி என்று போக வேண்டும். இன்ஜின் அறை மூடியைத் திறந்ததும் ஆர்பிஎம் ஏறினால் காற்றுப் பஞ்சம்தான். புகையே இல்லாமல் சுத்தமாக இறங்கினால் டீசல் வந்து சேரவில்லை என்று அர்த்தம். என்னுடையதில் துளி கரும்புகை இல்லை. எல்லோரும் நின்று பார்த்தோம், ஒருவரும் அதைக் கணக்கில் எடுக்கவில்லை.

அடுத்து நான் செய்ததுதான் உங்களுக்கும் சொல்வது: டேங்கின் தொடர்பைத் துண்டித்துவிட்டு கேனிலிருந்து ஓட்டிப் பாருங்கள். 20 லிட்டர் கேனில் சுத்தமான டீசல் நிரப்பி, அது உருளாதபடி கயிறு போட்டு இறுக்கிக் கட்டி, பில்டருக்கு வரும் குழாயை டேங்கிலிருந்து எடுத்து கேனில் விட்டேன். இன்ஜின் எரிக்காத மிச்ச டீசலைத் திருப்பி அனுப்பும் ரிட்டர்ன் குழாயையும் மறக்காமல் கேனுக்கே கொண்டுவர வேண்டும். அதை விட்டுவிட்டால் கேனில் இருக்கும் டீசல் ரிட்டர்ன் வழியாக டேங்குக்குப் போய்விடும், நடுக்கடலில் கேன் காலியாகும். குழாயைத் திறந்ததால் உள்ளே புகுந்த காற்றை வெளியேற்றிவிட்டுத்தான் ஸ்டார்ட் பண்ண வேண்டும். இது டீசலுக்கு மட்டும். பெட்ரோல் கேனை இன்ஜின் அறைக்குள் வைத்து இப்படிச் செய்யவே கூடாது.

ஒன்றரை மணி நேரம் முழு வேகத்தில் ஓட்டினோம். முள் 2,600-ஐ விட்டு அசையவில்லை. தம்பி என்னைப் பார்த்தான், ஒன்றும் சொல்லவில்லை.

கேனில் சரியாக ஓடினால் குற்றம் டேங்கிலோ அதன் உறிஞ்சு குழாயிலோதான் இருக்கிறது. கேனிலும் திணறினால் பில்டருக்கு வரும் குழாய், பில்டர், பிறகு இன்ஜின் பக்கம் போகலாம். இன்ஜெக்டரைப் பற்றிப் பேசவேண்டிய நேரம் அதுதான். பில்டருக்கும் பம்புக்கும் நடுவில் ஒரு முழம் உள்ளே தெரியும் ஹோஸ் மாட்டினால் குமிழி ஓடுவது கண்ணுக்கே தெரியும். குமிழி இருந்தால் எங்கோ காற்று இழுக்கிறது. எனக்குக் குமிழி இல்லை. குழாயை டேங்குக்கே திரும்ப மாட்டி, பில்டருக்கு அடுத்து ஒரு வாக்குவம் கேஜ் (உறிஞ்சும் இழுப்பை அளக்கும் மீட்டர், வழி அடைத்தால் முள் ஏறும்) வைத்தேன். பில்டர் புதிது. கிளம்பியபோது முள் அசையாமல் கிடந்தது, 20 நிமிடத்தில் ஏற ஆரம்பித்தது, இன்ஜின் இறங்கும்போது பாதரச அளவில் 12 அங்குலத்தைத் தாண்டியிருந்தது. அணைத்ததும் கொஞ்சம் கொஞ்சமாகப் பூஜ்ஜியத்துக்கு வந்தது.

டேங்கின் உறிஞ்சு குழாயை மேலே உருவி எடுத்தோம். அதன் நுனியில் விரல் தடிமனுக்கு ஒரு வலைச் சல்லடை இருந்தது. அப்படி ஒன்று இருப்பதே எனக்குத் தெரியாது. அதைச் சுற்றிக் கருத்த, வழவழப்பான படலம், நனைந்த துணிக் கந்தல் மாதிரி தொங்கியது. விரலால் தொட்டால் நூலாக இழுபட்டது, அழுகிய நாற்றம். டேங்கின் அடியில் தண்ணீர் தேங்கினால் தண்ணீரும் டீசலும் சந்திக்கும் இடத்தில் நுண்ணுயிர் வளரும், அந்தச் சேறுதான் இது. ஓடும்போது உறிஞ்சும் வேகத்தில் வந்து சல்லடையில் ஒட்டிக்கொள்ளும். நிறுத்தினால் உறிஞ்சல் நின்று கழன்று கீழே போய்விடும். ஐந்து நிமிடத்தில் இன்ஜின் தானாகக் குணமானதற்கு இதுதான் காரணம்.

டேங்கின் மேல் ஆள் கை நுழையும் அளவுக்கு மூடி வெட்டி, உள்ளே துடைத்து எடுத்தோம். சல்லடையையும் நிரந்தரமாக எடுத்துவிட்டேன். வெளியே பெரிய பில்டர் இருக்கும்போது, கை எட்டாத இடத்தில் இன்னொன்று எதற்கு?

‘எல்லாக் கோளாறுக்கும் டேங்க்தானா’ என்று சிலர் கேட்பீர்கள். நான் அப்படிச் சொல்லவில்லை. ஆக்சிலரேட்டர் கேபிள் இழுபட்டு, பம்பில் உள்ள லீவர் கடைசி வரை போகாத படகையும் பார்த்திருக்கிறேன். அங்கே ஒருவர் லீவரைப் பிடிக்க இன்னொருவர் பம்பைப் பார்த்தால் ஒரு நிமிட வேலை. ஆர்பிஎம் ஏறி, படகு மட்டும் நகராமல் இருந்தால் ப்ரொப்பல்லர் புஷ் வழுக்குகிறதா, கியர் கிளட்ச் வழுக்குகிறதா என்று பார்க்க வேண்டும், அது வேறு கதை. அவுட்போர்டு (படகின் பின்னால் வெளியே மாட்டும் இன்ஜின்) என்றால் திணறும்போது எரிபொருள் குழாயில் இருக்கும் ரப்பர் பல்பை அமுக்குங்கள். உயிர் வந்தால் எரிபொருள் வரத்துதான் குறை. பல்பு தானாகச் சப்பையாகியிருந்தால் டேங்க் மூடியின் காற்றுத் திருகு மூடியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். படகைக் கட்டிப்போட்டு கியரில் ஓட்டிச் சோதிப்பவர்கள், நகராத படகில் இன்ஜின் முழு ஆர்பிஎம்முக்கு வராது என்பதையும் நினைவில் வையுங்கள். அதைப் பார்த்து இன்னொரு கோளாறு என்று பயப்பட வேண்டாம்.

மெக்கானிக்குகளை மட்டம் தட்டுகிறேன் என்றும் நினைக்க வேண்டாம். டேங்க் மூடியைக் கச்சிதமாக வெட்டிக் கொடுத்தவரும் ஒரு மெக்கானிக்தான். என் வருத்தம் வேறு. கழற்றிய நான்கு நாசிலும் எனக்குத் திரும்ப வரவில்லை. “பழசு உங்களுக்கு எதுக்கு சார்” என்றார்கள். என் பணத்தில் வாங்கியது, என் இன்ஜினில் ஓடியது, கெட்டதா நல்லதா என்று பார்க்க எனக்கு உரிமை இல்லையா? காருக்கும் இதே கதை, போன் பழுது பார்த்தாலும் இதே கதை. கழற்றிய பாகத்தை ஒரு பையில் போட்டு உரிமையாளர் கையில் கொடுக்க எவ்வளவு நேரம் ஆகும்? இப்போதெல்லாம் வேலை கொடுக்கும்போதே இதைச் சொல்லிவிடுகிறேன். முகம் சுளிப்பவரிடம் கொடுப்பதில்லை.

உங்கள் கேள்வியில் இரண்டு விவரம் இல்லை. இறங்கும்போது புகை என்ன நிறம்? அணைத்து ஐந்து நிமிடம் கழித்து எடுத்தால் இழுவை திரும்புகிறதா? நாளைக்கே ஒரு ஓட்டம் போய்ப் பார்த்துவிட்டு எழுதுங்கள். கூட யாராவது வருகிறார் என்றால் அவர் என்ன கவனித்தார் என்றும் கேட்டு எழுதுங்கள்.