ஆட்கள் விடுதலையானதும் வசூல் நின்றுவிட்டதா?

சகோதரி, இலங்கைச் சிறையிலிருந்து நம் மீனவர்கள் திரும்பியதும், பிடிபட்டவர்களின் குடும்பங்களுக்காகத் தங்கச்சிமடத்தில் நீங்கள் நடத்தும் குழுவின் மாத வசூல் நின்றுவிட்டது, இரண்டு பேர் தலையிலேயே எல்லா வேலையும், "கணக்கு எங்கே?" என்ற பேச்சு வேறு என்று எழுதியிருந்தீர்கள். குழுவை மட்டும் கலைத்துவிடாதீர்கள். அடுத்த படகு பிடிபடும் அன்று மறுபடி முதலிலிருந்து தொடங்க முடியாது.

முதலில் கணக்கு. மாதாமாதம் வரவு செலவை எல்லோர் முன்னாலும் சத்தமாக வாசியுங்கள். பெட்டி ஒருவரிடம், சாவி இன்னொருவரிடம், நோட்டு மூன்றாமவரிடம். சந்தேகம் பேசுகிறவரிடமே அடுத்த முறை நோட்டைக் கொடுங்கள்.

எல்லோரிடமும் ஒரே தொகை கேட்பது எனக்குச் சரியாகப் படவில்லை. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் விசைப்படகுக்குப் போகிறவர் வீட்டில் எதைக் கேட்பது? அந்த இரண்டு மாதம் வசூலே வேண்டாம், பெட்டியிலிருந்து கொடுங்கள். பணம் இல்லாதவர் மனு எழுதட்டும், ராமநாதபுரம் ஆட்சியர் அலுவலகத்துக்குத் துணைக்குப் போகட்டும், பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளட்டும். அதுவும் பங்குதான், நோட்டில் ஏற வேண்டும்.

பாம்பன் சின்னப்பாலத்தில் பாசி எடுக்கும் பெண்கள், மாதம் 12 நாள்தான் கடலில் இறங்குவது என்று தாங்களே கட்டுப்பாடு வைத்துக்கொண்டவர்கள். அவர்களில் லட்சுமி, தீவுகளின் இயற்கையைக் காப்பவர்களுக்குத் தரும் சீகாலஜி விருதை 2015-இல் பெற்றவர். கட்டுப்பாட்டை எப்படிச் சேர்ந்து காக்கிறார்கள் என்று ஒருநாள் போய்ப் பேசிவிட்டு வாருங்கள், எல்லா வேலையும் சுமக்கும் அந்த இரண்டு பேரையும் கூட்டிக்கொண்டு.