காசு வாங்கிய பிறகு விதியை மாற்றலாமா?

கேள்வி: இரண்டு வருடமாக ஒரே ஆன்லைன் கேம்தான் விளையாடுகிறேன். போன மாதம் புதிதாக வந்த ஒரு கேரக்டரைக் காசு கொடுத்து வாங்கினேன். விளம்பரத்திலேயே அது எப்படி அடிக்கும், எவ்வளவு அடிக்கும் என்றெல்லாம் காட்டியிருந்தார்கள். மூன்றே வாரத்தில் ஒரு பேட்ச் (விளையாட்டைத் திருத்தும் அப்டேட்) வந்து அதன் பலம் பாதியாகிவிட்டது. பேட்ச் குறிப்பில் 'பேலன்ஸ் பண்ணினோம்' என்று எழுதியிருக்கிறார்கள். இது ஏமாற்று வேலை இல்லையா? பணம் திரும்பக் கிடைக்குமா?

பதில்: உங்கள் வயிற்றெரிச்சல் நியாயமானதுதான். ஆனால் கசப்பான விஷயத்தை முதலில் சொல்லிவிடுகிறேன், அந்தக் கேரக்டர் உங்களுடையது இல்லை. கணக்கு தொடங்கும்போது படிக்காமலே 'ஏற்கிறேன்' என்று தட்டினோமே (நானும்தான்), அந்த ஒப்பந்தத்தில் பெரும்பாலும் இரண்டு வரி இருக்கும்: நீங்கள் வாங்குவது பயன்படுத்தும் அனுமதி மட்டும்தான், அதை எப்போது வேண்டுமானாலும் மாற்ற நிறுவனத்துக்கு உரிமை உண்டு. வெளியே 'வாங்கு' என்று பொத்தான் வைத்துவிட்டு உள்ளே 'உரிமம்' என்று எழுதும் இந்த வேலைக்காகவே கலிஃபோர்னியாவில் 2024-ல் ஒரு சட்டம் கொண்டுவந்தார்கள். 2025 ஜனவரி 1 முதல் அங்கே இப்படி விற்பவர்கள், இது வெறும் உரிமம்தான் என்று வாங்குகிற இடத்திலேயே தெளிவாகச் சொல்லியாக வேண்டும். சொன்னால் போதும், அவ்வளவுதான். விற்ற பிறகு மாற்றக் கூடாது என்று அந்தச் சட்டமும் தடுக்கவில்லை.

அப்புறம், நெர்ஃப் செய்வதே, அதாவது பலத்தைக் குறைப்பதே, அநியாயம் என்று நான் நினைக்கவில்லை. ஒரே கேரக்டர் எல்லா மேட்சையும் ஜெயித்துக்கொண்டிருந்தால், அது இல்லாதவர்கள் ஒவ்வொருவராகக் கழன்றுகொள்வார்கள், கடைசியில் நீங்கள் அடிப்பதற்கே ஆள் இருக்காது. அதே கேரக்டர் எதிராளியிடம் இருந்து உங்களிடம் இல்லாமல் போயிருந்தால், 'ஏன் இன்னும் குறைக்கவில்லை' என்றுதான் எனக்கு எழுதியிருப்பீர்கள்.

சொல்லாமல் மாற்றுவதுதான் உண்மையான அநியாயம். தென்கொரியாவின் நெக்ஸான் நிறுவனம் மேப்பிள்ஸ்டோரி விளையாட்டில் 'க்யூப்' என்று ஒன்றை விற்றது, அதைப் போட்டால் ஆயுதத்தின் கூடுதல் குணங்கள் குலுக்கல் போல மாறும். 2010-ல், எல்லாரும் ஆசைப்படுகிற குணங்கள் விழுகிற வாய்ப்பைச் சத்தமில்லாமல் குறைத்தார்கள். 2011 முதல் சில குணச் சேர்க்கைகள் விழவே விழாதபடி வாய்ப்பைப் பூஜ்யமாக்கினார்கள். ஆட்கள் காசு போட்டுப் போட்டுக் குலுக்கிக்கொண்டே இருந்தார்கள், பெட்டிக்குள் இல்லாத பரிசுக்காக! 2024 ஜனவரியில் அந்நாட்டு நியாய வணிக ஆணையம் சுமார் 1,160 கோடி வோன் அபராதம் போட்டது. உங்கள் விஷயத்தில் மாற்றத்தைப் பேட்ச் குறிப்பில் வெளிப்படையாக எழுதியிருக்கிறார்கள். எரிச்சல்தான், ஆனால் இரண்டும் ஒன்றில்லை.

நடுவில் ஒரு சந்தேகப் பிரதேசம் இருக்கிறது. வேண்டுமென்றே பலமாக வைத்து விற்றுவிட்டு, விற்பனை ஓய்ந்ததும் குறைப்பது. இதை நிரூபிப்பது கஷ்டம், ஆனால் கண்டுபிடிப்பது கஷ்டமில்லை: கடந்த ஒரு வருடப் பேட்ச் குறிப்புகளை எடுத்து, காசுக்கு வந்த ஒவ்வொரு கேரக்டரும் எத்தனை நாளில் குறைக்கப்பட்டது என்று பாருங்கள். ஒரே தாளம் தெரிந்தால், அடுத்த கேரக்டரை முதல் மாதத்தில் தொடாதீர்கள்.

சரி, பணம். கூகுள் பிளேயில் வாங்கியதை 48 மணி நேரத்துக்குள் திருப்பிக் கேட்பதுதான் சுலபமான வழி, அது உங்களுக்குத் தாண்டிவிட்டது. கணினி விளையாட்டுகளை விற்கும் ஸ்டீமில், வாங்கி 14 நாளுக்குள், 2 மணி நேரத்துக்குக் குறைவாக விளையாடியிருந்தால் பணம் திரும்பும் என்கிற விதி முக்கியமாக முழு விளையாட்டுக்குத்தான். விளையாட்டுக்குள் வாங்கியவற்றுக்குப் பணம் திருப்பித் தருவதா வேண்டாமா என்பது பெரும்பாலும் தயாரித்தவர்கள் இஷ்டம். நீங்கள் ஐரோப்பிய ஒன்றியத்தில் இருந்தால், 2022 முதல் அங்கே ஒரு விதி நடைமுறையில் இருக்கிறது: ஒரு டிஜிட்டல் சேவையை உங்களுக்குப் பாதகமாக மாற்றினால், அது சின்ன மாற்றமாக இல்லாத பட்சத்தில், 30 நாளுக்குள் ஒப்பந்தத்தை முறித்துக்கொள்ளலாம். ஒரு நெர்ஃபை அதற்குள் அடக்க முடியுமா என்பது வாதத்துக்குரியது, ஆனால் கடிதத்தில் அந்த விதியைக் குறிப்பிடுவதில் நஷ்டமில்லை.

மற்ற இடங்களில் இருப்பவர்கள் கஸ்டமர் சப்போர்ட்டிடம்தான் போக வேண்டும். போகும்போது 'ஏமாற்றிவிட்டீர்கள்' என்று ஆரம்பிக்காதீர்கள். வாங்கிய தேதி, ரசீது, பழைய விளம்பரத்தின் ஸ்க்ரீன்ஷாட், பேட்ச் எண் எல்லாம் வைத்து, ரொக்கத்துக்குப் பதிலாக விளையாட்டு நாணயமாகத் திருப்பித் தரச் சொல்லுங்கள். இது புதுப் பழக்கம் இல்லை. ஹார்த்ஸ்டோன் என்ற கார்டு விளையாட்டில் ஒரு கார்டை நெர்ஃப் செய்தால், குறிப்பிட்ட நாள்வரை அதைக் கலைத்து முழு மதிப்பையும் வாங்கிக்கொள்ளலாம். அந்த உதாரணத்தைக் காட்டியே கேளுங்கள்.

கிரெடிட் கார்டு நிறுவனத்திடம் சொல்லிப் பணத்தைத் திரும்ப இழுப்பதை மட்டும் கடைசிக்கு வையுங்கள். பல கேம்களில் அடுத்த நிமிடமே கணக்கைப் பூட்டிவிடுவார்கள், இரண்டு வருட உழைப்பு உள்ளே மாட்டிக்கொள்ளும். ஃபோர்ட்நைட் தயாரிக்கும் எபிக் கேம்ஸ் இதைச் செய்தது என்பதும் அமெரிக்க வர்த்தக ஆணையம் வைத்த புகார்களில் ஒன்று. 2022 டிசம்பரில் வாடிக்கையாளர்களுக்குத் திருப்பித் தர 24.5 கோடி டாலர் கட்ட எபிக் ஒப்புக்கொண்டது.

கேள்வி: எங்கள் கில்டில் (சேர்ந்து விளையாடும் குழு) ரெய்டுக்கு, அதாவது பெரிய எதிரியைக் கூட்டாகத் தாக்கும் ஆட்டத்துக்கு, வந்தால் புள்ளி, புள்ளி சேர்த்தால் பொருள். நாலு மாதமாக ஒரு வாளுக்காகச் சேர்த்து வைத்திருந்தேன். திடீரென்று தலைவர் 'இனிமேல் யாருக்கு எது என்று நாங்கள் மூன்று பேர் முடிவு செய்வோம்' என்று சொல்லி எல்லார் புள்ளியையும் பூஜ்யமாக்கிவிட்டார். முதல் வாளை அவர் நண்பருக்கே கொடுத்தார். யாரிடம் புகார் செய்வது?

பதில்: யாரிடமும் முடியாது. கேம் நிறுவனங்கள் பொதுவாகக் கில்டு சண்டையில் தலையிடுவதில்லை.

ஆனால் தலைவர் செய்தது தப்பு. முறையை மாற்றியது தப்பில்லை. எவர்க்வெஸ்ட் என்ற பழைய ஆன்லைன் கேம் காலத்தில் டிராகனைக் கொன்று புள்ளிக் கணக்கெழுத ஆரம்பித்ததிலிருந்து புள்ளி முறைக்கும் குழு முடிவு முறைக்கும் சண்டை ஓயவில்லை, இரண்டிலும் ஓட்டை உண்டு. புள்ளி முறையில் பழைய ஆட்கள் மலைபோலச் சேர்த்து வைத்துக்கொண்டு புதியவர்களை மூச்சு விட விடமாட்டார்கள். குழு முறையில் நண்பருக்கு வாள் போகும், நீங்களே பார்த்துவிட்டீர்கள். தப்பு எதில் என்றால், புது விதியைப் பின்னோக்கிப் பாய விட்டதில். நீங்கள் அந்த நாலு மாதம் தூக்கம் கெட்டு வந்தது பழைய விதியை நம்பித்தானே?

தலைவரிடம் தனியாக ஒன்று கேளுங்கள்: பழைய புள்ளியை வைத்திருப்பவர்கள் அதைச் செலவழிக்க இரண்டு ரெய்டு தரட்டும், அதன்பிறகு புது முறை. இதற்கும் முடியாது என்றால், வாள் பின்னால் வரும், முதலில் நல்ல கில்டைத் தேடுங்கள். சில இடங்களில் நிறுவனமே வாக்கெடுப்பு நடத்துகிறது. ஓல்டு ஸ்கூல் ரூன்ஸ்கேப் விளையாட்டில் புதிதாக ஒன்றைச் சேர்க்க 75 சதவீத ஆதரவு தேவை என்று வைத்திருந்தார்கள், பின்னால் 70 ஆக்கினார்கள். அங்கேயும் சண்டை நடக்காமல் இல்லை, ஆனால் யாரும் காலையில் எழுந்து பூஜ்யத்தைப் பார்ப்பதில்லை.

தலைவர் சர்வர் செலவுக்கு என்று மாதாமாதம் பணம் வாங்குகிறார் என்றால் கதை வேறு. கணக்கு கேளுங்கள், கூச்சப்படாதீர்கள்.

கேள்வி: கேம் ஸ்கின்களை (ஆயுதம், கேரக்டரின் தோற்றத்தை மாற்றும் அலங்காரங்கள்) முதலீடாக வாங்கி வைக்கலாமா? நண்பன் நல்ல லாபம் என்கிறான்.

பதில்: வேண்டாம். 2025 அக்டோபரில் கவுன்டர் ஸ்ட்ரைக் 2-ல் ஒரு அப்டேட் வந்தது: ஐந்து சிவப்புத் தர ஸ்கின்களைக் கொடுத்தால் ஒரு கத்தியோ கையுறையோ கிடைக்கும். அரிதாக இருந்ததால் விலை ஏறியிருந்த கத்திகளின் விலை ஒரே இரவில் சரிந்தது. யாரும் எந்தச் சட்டத்தையும் மீறவில்லை. சரக்கை அச்சடிக்கிறவரே சந்தையின் விதியையும் எழுதுகிற இடத்தில் உங்கள் நண்பனுக்கு என்ன தெரிந்துவிடும்? பிடித்த ஸ்கின்னை வாங்கிப் போட்டு விளையாடுங்கள், அது வேறு.

கேள்வி: புது விதியை எதிர்த்துக் கையெழுத்து இயக்கம் நடக்கிறது. இதெல்லாம் பலிக்குமா?

பதில்: சில சமயம் பிரமாதமாகப் பலிக்கும். 2017-ல் ஸ்டார் வார்ஸ் பேட்டில்ஃபிரன்ட் 2 விளையாட்டு வரும்போது, முக்கியக் கதாபாத்திரங்களைத் திறக்க மணிக்கணக்கில் உழைக்க வேண்டும் அல்லது காசு போட்டு லூட் பாக்ஸ் (உள்ளே என்ன இருக்கும் என்று தெரியாத பரிசுப் பெட்டி) வாங்க வேண்டும் என்று இருந்தது. விளக்கம் சொல்ல வந்த ஈ.ஏ. நிறுவனத்தின் ஒரே பதிவுக்கு ஆறு லட்சத்துக்கும் மேல் எதிர் ஓட்டு விழுந்தது. கதாபாத்திர விலையை 75 சதவீதம் குறைத்தார்கள், அதுவும் போதாமல் வெளியீட்டுக்குச் சற்று முன் காசு வாங்குவதையே நிறுத்திவைத்தார்கள். 2024 மே மாதம் ஹெல்டைவர்ஸ் 2-ஐ கணினியில் விளையாடுகிறவர்கள் சோனி கணக்கை இணைத்தே ஆக வேண்டும் என்றார்கள். அந்தச் சேவையே இல்லாத நாடுகளிலும் விளையாட்டை ஏற்கெனவே விற்றிருந்தார்கள்! இரண்டு லட்சத்துக்கும் மேல் எதிர்மறை விமர்சனம், சில நாளிலேயே பின்வாங்கினார்கள்.

இரண்டிலும் கோரிக்கை ஒன்றே ஒன்று, ஒரு வரியில் சொல்லிவிடலாம். உங்கள் மனுவை அனுப்பியிருக்கிறீர்களே, படித்தேன், பதினேழு கோரிக்கை இருக்கிறது, அதில் ஒன்று மெனுவின் நிறம். அதையெல்லாம் வெட்டுங்கள். பேட்ச் எழுதுகிற ஊழியர்களைத் திட்டும் பத்தியையும் எடுத்துவிடுங்கள், விலை வைக்கிறவர்கள் அவர்கள் இல்லை.

இன்னொன்று, கையெழுத்துப் போட்டவர்களில் எத்தனை பேர் அடுத்த சீசன் பாஸை (ஒரு பருவத்துக்கான கட்டணச் சீட்டு) வாங்கினார்கள் என்று எண்ணிப் பார்க்க நிறுவனத்துக்கு நிமிட வேலை. உங்களுடையது தானாகப் புதுப்பிக்கும்படி இருந்தால், மனுவை அனுப்பும் முன் அதை நிறுத்துங்கள்.