மலைப் பகுதியிலுள்ள குடும்ப மாட்டுப் பண்ணையை மனை போடாமல் காப்பாற்ற வழி உண்டா?

அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் தலைமுறைகளாக ஒரே குடும்பத்திடம் உள்ள மலைப் பண்ணையைக் காக்க, நிலத்தில் வீடுகள் பெருகாமல் தடுக்கும் ‘கன்சர்வேஷன் ஈஸ்மென்ட்’ என்ற பாதுகாப்பு ஒப்பந்தம் உதவுமா என்று கேட்டிருக்கிறீர்கள். உதவும். ஆனால் பத்திரத்தில் தண்ணீரைப் பற்றி என்ன எழுதுகிறீர்கள் என்பதுதான் முக்கியம் என்பேன்.

நிலம் குடும்பத்தின் பெயரிலேயே இருக்கும். மாடு மேய்க்கலாம், புல் அறுக்கலாம், விற்கலாம், பிள்ளைகளுக்கு எழுதி வைக்கலாம். துண்டு போட்டு வீடு கட்டும் உரிமையை மட்டும் விட்டுக்கொடுத்து, அந்தக் கட்டுப்பாட்டைக் கண்காணிக்கும் பொறுப்பை ஒரு நில அறக்கட்டளையிடம் ஒப்படைத்துப் பதிவு செய்கிறார்கள். அது நிரந்தர வில்லங்கம். நாளை யார் வாங்கினாலும் அவரையும் கட்டுப்படுத்தும். அரசின் தலையீடு என்று தயங்கிய பண்ணையாளர்கள் பலருக்கு, கொலராடோ மாட்டுப் பண்ணையாளர் சங்கமே 1995-இல் இதற்கென ஓர் அறக்கட்டளையை அமைத்தது நம்பிக்கை தந்தது.

ஒப்பந்தத்துக்கு முன்னும் பின்னும் நிலத்தின் மதிப்பைக் கணக்கிட்டு, குறையும் தொகையை நன்கொடையாகக் கொள்கிறார்கள். வருமானத்தில் பாதிக்கு மேல் விவசாயத்திலிருந்து பெறுபவர், கூட்டாட்சி வருமான வரியில் அந்த ஆண்டு வருமானம் முழுவதற்கும் கழிவு கோரி, மீதியை அடுத்த 15 ஆண்டுகளுக்குக் கொண்டுசெல்லலாம். கொலராடோ மாநிலம் தரும் வரிச் சலுகையைப் பிறருக்கு விற்றுக் காசாக்கவும் முடியும். விலை உயர்ந்த நிலமும் வெறுங்கையுமாக இருக்கும் குடும்பங்களுக்கு இது பெரிய ஆதரவு. பண்ணையில் தங்கும் பிள்ளை, நகரத்துக்குப் போன உடன்பிறந்தவர்களின் பங்கைக் கொடுத்துத் தீர்க்க இந்தப் பணம் கைகொடுக்கும்.

இனித் தண்ணீருக்கு வருகிறேன். கொலராடோ மலைகளில் உள்ள கன்னிசன் பள்ளத்தாக்கில் பனி உருகும் பருவத்தில், முழங்கால் உயர ரப்பர் பூட்ஸும் கையில் மண்வெட்டியுமாக வாய்க்காலில் இறங்கி, குறுக்கே தார்ப்பாய் கட்டி நீரைப் புல்வெளிக்குத் திருப்புவார்கள். மாடுகளுக்குக் குளிர்காலத் தீவனமாகும் புல் அந்தப் பாய்ச்சலில்தான் விளைகிறது. ஆனால் அந்த மாநிலத்தில் நீருரிமை, நிலத்திலிருந்து பிரித்துத் தனியே விற்கக்கூடிய சொத்து. சமவெளியில் க்ரௌலி மாவட்டத்தின் நீருரிமைகளை நகரங்கள் வாங்கியதால், விளைந்த வயல்கள் களை மண்டித் தரிசாயின. மலைப் பண்ணைக்கும் அந்தக் கதி வரலாம். வீடு கட்டத் தடை இருக்கும், புல் இருக்காது. எனவே எந்த வாய்க்காலின் எந்த நீருரிமை நிலத்தோடு பிணைக்கப்படுகிறது என்பதைப் பெயர் சொல்லிப் பத்திரத்தில் எழுதச் சொல்லுங்கள்.

பேரப்பிள்ளைகள் வீடு கட்ட ஓர் இடம் வேண்டுமென்றால் அதையும் இப்போதே வரைபடத்தில் குறித்துவிடுங்கள். கையெழுத்திட்ட பிறகு அதைச் சேர்ப்பது மிகக் கடினம்.