கணினி கேள்வி பதில்: வயரைப் பார்த்த பிறகு லினக்ஸைத் தொடுங்கள்

திருக்கடலூர் வாசகர்: வீட்டுக் கம்பியூட்டரில் விண்டோஸுக்குப் பதிலாக டெபியன் லினக்ஸ் என்ற இயங்குதளம் போட்டிருக்கிறேன். ரவுட்டரிலிருந்து வயரில் இணைப்பு. வாடைக்காற்று தொடங்கியதிலிருந்து இணையம் விட்டு விட்டு வருகிறது. இரவில் மோசம், வெயில் ஏறினால் பரவாயில்லை. கைபேசியில் வைஃபை ஒழுங்காக வேலை செய்கிறது. லினக்ஸை அழித்துவிட்டு மறுபடி போடச் சொல்கிறார் அண்ணா. போடலாமா?

போட வேண்டாம். கைபேசியில் இணையம் ஒழுங்காக வருகிறதென்றால் வெளி லைனில் பிழை இல்லை. ரவுட்டருக்கும் உங்கள் கம்பியூட்டருக்கும் நடுவில்தான் எங்கேயோ கோளாறு. வெயில் ஏறினால் சரியாகிறது என்று எழுதியிருக்கிறீர்களே, அதைப் படித்தவுடனேயே எனக்கு வயரின் மேல்தான் சந்தேகம் வந்தது. மென்பொருளுக்கு வெயிலும் தெரியாது, வாடையும் தெரியாது.

கட்டளை தட்டும் திரையான டெர்மினலைத் திறந்து ‘ஐபி லிங்க்’ என்று கொடுங்கள். (கட்டளைகளை இங்கே தமிழில் தருகிறேன். நீங்கள் ஆங்கிலச் சின்ன எழுத்தில் தட்டுங்கள்.) இணையம் அறுந்திருக்கும் நேரத்தில் அங்கே ‘நோ-கேரியர்’ என்று வந்தால், வயரின் மறுமுனையில் ஒரு கருவி இருப்பதே உங்கள் கம்பியூட்டருக்குத் தெரியவில்லை என்று பொருள். அந்த நிலையில் ஐபி முகவரியையும், தளப் பெயரை முகவரியாக மாற்றித் தரும் டிஎன்எஸ்ஸையும் மாற்றிக்கொண்டிருப்பதில் ஒரு பயனும் இல்லை.

அப்புறம் ‘ஈத்டூல்’ கட்டளையோடு உங்கள் நெட்வொர்க் கார்டின் பெயரை (‘ஐபி லிங்க்’ பட்டியலில் இருக்கும்) சேர்த்துக் கொடுத்து, ‘ஸ்பீட்’ என்ற வரியைப் பாருங்கள். 1000 என்று வரவேண்டிய இடத்தில் 100 என்று இருக்கிறதா? அந்த வயருக்குள் 8 கம்பிகள், 4 சோடிகளாக ஓடுகின்றன. 1000 மெகாபிட் வேகத்துக்கு நான்கு சோடியும் வேண்டும். 100க்கு 1, 2, 3, 6 என்ற நான்கு கம்பிகள் போதும். மற்றக் கம்பிகளில் ஒன்று சரியாகத் தொடாவிட்டால், பல கருவிகள் தாமாகவே 100க்கு இறங்கி ஓடும். நமக்கு அது ‘மெதுவான இணையம்’ என்று மட்டும் தெரியும். உங்கள் ரவுட்டரே 100 மெகாபிட் வகை என்றால் அந்த எண்ணைக் கோளாறாக எடுக்க வேண்டாம்.

இனி வயரைக் கழற்றி, பிளக்கின் முனையை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். எட்டுச் சின்னத் தகடுகள் பொன்னிறத்தில் பளிச்சென்று இருக்க வேண்டும். கடற்கரைப் பக்க வீடுகளிலிருந்து எங்கள் கடைக்கு வரும் வயர்களில், ஒன்றிரண்டு தகடுகளின் ஓரத்தில் பச்சைப் பொடி படிந்திருக்கும். தங்கப் பூச்சு தேய்ந்த இடத்தில் உப்பும் ஈரமும் செம்பைத் தின்ற அடையாளம் அது. காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் உப்பு தானாகவே ஈரத்தை இழுத்துக் கரைந்துவிடும். வாடைக் காலத்து இரவில் திருகோணமலை டச்சுக்குடா ஓரம் முழுக்க அந்த நிலைதான். பகலில் காய்ந்ததும் இணைப்பு ஓரளவு திரும்பி வருகிறது.

முதலில் வேறு ஒரு நல்ல வயரைக் கொழுவிப் பாருங்கள். சரியாகாவிட்டால் ரவுட்டரில் அடுத்த துளைக்கு மாற்றுங்கள். அதற்கும் மசியாவிட்டால் கம்பியூட்டரின் மெயின் பிளக்கைக் கழற்றிவிட்டு, ஐசோபுரொப்பைல் அல்கஹால் தொட்ட மெல்லிய தூரிகையால் துளைக்குள் இருக்கும் ஊசிகளை மெதுவாகத் துடைத்து, நன்றாகக் காயவிடுங்கள். அரத்தாள் போட்டுத் தேய்க்கவே கூடாது. இருக்கிற தங்கப் பூச்சும் போய்விட்டால் அடுத்த வாடை வரைகூடத் தாங்காது. ரவுட்டர் யன்னலோரத்தில் இருந்தால் உள்சுவருக்கு மாற்றுங்கள்.

வயர் மாற்றிய பிறகு ‘ஐபி -எஸ் லிங்க்’ கொடுத்து, ‘எரர்ஸ்’ என்ற எண்ணைப் பாருங்கள். ஏதாவது பெரிய கோப்பை இறக்கிவிட்டு மறுபடி பாருங்கள். எண் ஏறாமல் நின்றால் வேலை முடிந்தது. அண்ணாவிடமும் அதைக் காட்டுங்கள்.

கிண்ணியா வாசகி: பழைய கம்பியூட்டர் ஒன்றில் ஃப்ரீபிஎஸ்டி என்ற இயங்குதளம் ஓடுகிறது. கரண்ட் போய் வந்தால் திகதி 2010க்குப் போய்விடுகிறது. பிங் (இணைப்பு இருக்கிறதா என்று பார்க்கும் கட்டளை) கொடுத்தால் பதில் வருகிறது, ஆனால் பிறவுசரில் எந்தத் தளமும் திறப்பதில்லை. சான்றிதழ் செல்லாது என்கிறது. நெட்வொர்க் கார்டை மாற்றவா?

கார்டில் காசைக் கொட்டாதீர்கள் தங்கச்சி. பிங் வருகிறதென்றால் கார்டு நன்றாக இருக்கிறது. ஒரு தளம் உண்மையானதுதான் என்று பிறவுசருக்குக் காட்டுவது அதன் சான்றிதழ். ஒவ்வொரு தளத்தின் சான்றிதழும் இந்தத் திகதியிலிருந்து இந்தத் திகதி வரை என்றுதான் செல்லும். உங்கள் கம்பியூட்டர் 2010இல் நிற்கிறது. அதன் கணக்கில் அந்தச் சான்றிதழ்கள் இன்னும் பிறக்கவே இல்லை.

செத்திருப்பது மதர்போர்டில் இருக்கும் வட்ட பற்றரி. சிஆர்2032 என்று கேட்டு வாங்குங்கள். 20 மில்லிமீட்டர் அகலம், 3 வோல்ட். மாற்றுவதற்கு முன் பயாஸ் திரைகளை (கம்பியூட்டர் தொடங்கும்போது திறக்கும் அடிப்படை அமைப்புத் திரைகள்) கைபேசியில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். பற்றரி செத்ததில் சில அமைப்புகள் ஏற்கெனவே மாறியிருந்தாலும், எது எப்படி இருந்தது என்று பிறகு ஒப்பிட உதவும். மெயின் பிளக்கைக் கழற்றிவிட்டு, கூட்டல் குறி மேலே தெரியும்படி புதியதைப் போடுங்கள்.

இணையத்திலிருந்து நேரம் தானாகச் சரியாகாதா என்று நினைப்பீர்கள். ஃப்ரீபிஎஸ்டியில் அந்த வேலையைச் செய்யும் என்டிபிடி, வித்தியாசம் 1000 விநாடிக்கு மேல் இருந்தால் திருத்தாமல் நின்றுவிடும். இவ்வளவு பெரிய வித்தியாசத்தை நம்பக்கூடாது என்பது அதன் கணக்கு. ஃப்ரீபிஎஸ்டியின் அமைப்புகள் இருக்கும் ஆர்சி.கான்ஃப் கோப்பில் ‘என்டிபிடி_எனேபிள்’, ‘என்டிபிடி_சிங்க்_ஆன்_ஸ்டார்ட்’ இரண்டுக்கும் ‘யெஸ்’ கொடுத்தால், தொடங்கும்போது ஒருமுறை எவ்வளவு தூரமானாலும் திருத்திக்கொள்ளும். நம்மூரில் கரண்ட் போகிற போக்குக்கு இதைப் பற்றரியோடு சேர்த்தே செய்துவிடுங்கள்.

நிலாவெளி வாசகர்: யூஎஸ்பி வைஃபை டொங்கிள் வாங்கினேன். டெபியன் 11இல் ஒன்றும் வரவில்லை. டொங்கிள் பழுதா?

பெரும்பாலும் இல்லை. ‘எல்எஸ்யூஎஸ்பி’ கொடுத்தால் பட்டியலில் தெரிகிறதா பாருங்கள். தெரிந்தால், ‘டிமெஸ்ஜி’ (dmesg) கட்டளையின் வெளியீட்டில் ‘ஃபேர்ம்வேர்’ என்ற சொல்லைத் தேடுங்கள். கருவிக்குள் இருக்கும் சிப்பை இயக்கும் சின்ன மென்பொருள்தான் அது. ஏற்ற முடியவில்லை என்று இருந்தால், அந்தச் சிப்புக்குரிய ஃபேர்ம்வேர் பொதியைப் போட வேண்டும். டெபியன் 11இன் வழக்கமான நிறுவியில் அது வராது. 2023 ஜூனில் வந்த 12இலிருந்து நிறுவியோடேயே வருகிறது.

பொதியை இறக்க இணையம் வேண்டுமே என்று யோசிப்பீர்கள். ஆண்ட்ரொய்ட் கைபேசியை யூஎஸ்பி வயரால் கொழுவி, கைபேசியின் இணையத்தை வயர் வழியே பகிரும் யூஎஸ்பி டெதரிங்கை இயக்குங்கள். லினக்ஸ் அதை வயர் இணைப்பாகவே எடுத்துக்கொள்ளும். தனியாக எதுவும் போட வேண்டியதில்லை. அடுத்த முறை டொங்கிள் வாங்கும்போது கம்பனிப் பெயரோடு நிற்காமல் உள்ளே என்ன சிப் என்றும் கேளுங்கள். ஒரே மாடல் பெயரில், வேறு வேறு சிப்போடு பெட்டிகள் வருவதுண்டு.