பயிற்சிக்கு அனுப்புவதற்கு முன்

கேள்வி: கான்பெராவில் கூட்டாட்சி அரசின் துறை ஒன்றில் பிரிவுத் தலைவராக இருக்கிறேன். என் குழுவில் ஆஸ்திரேலியப் பூர்வீகக் குடியைச் சேர்ந்த பெண் அதிகாரி ஒருவர் உண்டு. ஒன்பது ஆண்டு அனுபவம், வேலையில் கெட்டிக்காரர். மேல்பதவிக்கான நேர்முகத்தில் இரண்டு முறை தேர்வாகவில்லை. தலைமைப் பயிற்சிக்கு அனுப்பலாமா?

பதில்: அனுப்பலாம். ஆனால் அதிலிருந்து தொடங்காதீர்கள். முதலில் அவர் விரும்பும் பதவி எது என்று கேளுங்கள். பிறகு ஓராண்டில் அவர் செய்ததையெல்லாம் இருவருமாக உட்கார்ந்து எழுதிப் பாருங்கள்.

மே 27 முதல் ஜூன் 3 வரை, பூர்வீகக் குடிகளுக்கும் மற்றவர்களுக்கும் இடையிலான நல்லிணக்க வாரம். ஜூலையில், பூர்வீகக் குடிகளின் பண்பாட்டைக் கொண்டாடும் நெய்டாக் வாரம். விழா ஏற்பாடு, சமூக மூத்தோரை அழைப்பது, "இந்த வாசகம் அவர்களைப் புண்படுத்துமா?" என்று மற்றப் பிரிவுகள் அனுப்பும் கோப்புகள், புதிதாகச் சேர்ந்த பூர்வீகக் குடி இளைஞர்களின் மனக்குறை. எல்லாம் யார் தலையில் விழுகிறது? அங்கே இதைப் பண்பாட்டுச் சுமை என்கிறார்கள். பணி விவரத்தில் இதற்கு இடமில்லாததால் நேர்முகத்திலும் மதிப்பெண் இல்லை. சமூகத்தோடு பேசி ஒரு திட்டத்துக்கு இணக்கம் பெறுவது உயரதிகாரியின் வேலை. அதைத்தான் அவர் சம்பளமில்லாமல் செய்கிறார். ஆண்டு மதிப்பீட்டில் அதை எழுதுங்கள். அந்த நேரத்தை மற்ற வேலையிலிருந்து கழியுங்கள். "இது என்னால் முடியாது" என்று சொல்லும் உரிமையையும் கொடுங்கள்.

அடுத்து, பொறுப்புப் பதவி. மேலதிகாரி விடுப்பில் போனால் அந்த நாற்காலிக்கு நம் வாயில் வருவது பழகிய பெயர்தான். இந்த முறை இவர் பெயரைச் சொல்லுங்கள். நிதி ஒப்புதல் அதிகாரத்தோடு ஆறு மாதம் பொறுப்பில் இருந்தவர் நேர்முகத்தில் பேசுவதே வேறாக இருக்கும்.

பூர்வீகக் குடி விவகாரப் பிரிவிலேயே அவரை நிறுத்திவிட வேண்டாம் என்பதில் எனக்கு உறுதியான கருத்து உண்டு. 1901-ல் கூட்டாட்சி உருவானது. அபொரிஜினல் (ஆஸ்திரேலியப் பூர்வீகக் குடி) ஒருவர், சார்லஸ் பெர்கின்ஸ், துறைச் செயலாளராக 1984 ஆனது. அதுவும் அபொரிஜினல் விவகாரத் துறைக்குத்தான். நிதி, போக்குவரத்து, சுகாதாரம் என்று அவர் விரும்பும் இடத்துக்குப் பாதை திறக்கட்டும்.

"இது சலுகை" என்று யாராவது முணுமுணுத்தால், 1975 இனப் பாகுபாட்டுச் சட்டத்தின் 8-ஆவது பிரிவு இத்தகைய சிறப்பு நடவடிக்கைகளை அனுமதிக்கிறது என்று சொல்லுங்கள். அடுத்த காலியிடம் வரும்போது, தேர்வுக் குழுவில் பூர்வீகக் குடியைச் சேர்ந்த மூத்த அதிகாரி ஒருவர் வேண்டும் என்று முன்கூட்டியே எழுதிக் கேளுங்கள்.