மேட்டு வீட்டுக்காரர் கண்ணில் படாமல் இருக்க: மலை வீடு கேள்வி பதில்

கோத்தகிரியிலிருந்து: அண்ணா, காம்பவுண்டு சுவரை ஏழடிக்கு ஏற்றியும் மேல் வீட்டிலிருந்து எங்கள் துவைகல் வரை தெரிகிறது.

பதில்: பத்தடி ஏற்றினாலும் தெரியும். கீழ்நாட்டில் பார்வை குறுக்கே வரும், சுவர் மறைக்கும்; இங்கே மேலிருந்து இறங்குகிறது, அதை மறைக்கக் கூரைதான் வேண்டும். பின்பக்கம் தகரத்தை நாலடி நீட்டித் தாழ்த்திவிட்டு, துவைகல்லை அதற்கடியில் சுவரோரமாகத் தள்ளுங்கள். புதிதாகக் கட்டுபவர்கள் இன்ஜினியரிடம் பிளான் மட்டும் வாங்காமல், வீட்டையும் சரிவையும் குறுக்கே வெட்டிக் காட்டும் செக்‌ஷனும் கேளுங்கள், மேல் வீட்டு வாசலில் நிற்பவர் கண்ணிலிருந்து ஒரு கோடு இழுத்தால் எது எது தெரியும் என்று அதிலேயே புரிந்துவிடும்.

குன்னூர் எஸ்டேட் லைனிலிருந்து (தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகள்): பக்கத்து வீட்டில் இருமினால்கூடக் கேட்கிறது. போதாததற்கு மகனுக்கு இப்போது கல்யாணமும் ஆகியிருக்கிறது.

பதில்: டார்ச் அடித்து மேலே பாருங்கள். பல பழைய லைன்களில் நடுச்சுவர் கூரைத் தகரத்தைத் தொடாமல் பாதியிலேயே நிற்கும், சத்தம் அந்தச் சந்து வழியாகத்தான் வருகிறது. அதைச் செங்கல் வைத்து அடைத்துப் பூசுங்கள். தெர்மாகோல் ஒட்டச் சொல்பவர்களை நம்பாதீர்கள், சத்தத்தை நிறுத்துவது கனம்தான். எஸ்டேட் சொத்து என்பதால் ஆபீஸில் கேட்டுவிட்டுச் செய்யுங்கள். வீடு கொடுக்கும் பொறுப்பை 1951 தோட்டத் தொழிலாளர் சட்டமே நிர்வாகத்தின் மேல் வைத்தது. ஆனாலும் ஒரே அறையில் சேலையைத் திரையாகக் கட்டி மகனும் மருமகளும் படுக்கிற நிலை இன்னும் இருக்கிறது, எனக்கு இதில் கோபம்தான் வருகிறது.

ஹட்டியிலிருந்து (நீலகிரியில் படுகர் ஊர்): தாத்தா வீட்டைப் புதுப்பித்தோம். வாசலில் நின்றாலே கட்டில் தெரிகிறது.

பதில்: நடுச்சுவரை இடித்துப் பெரிய ஹால் ஆக்கியிருப்பீர்கள், சரியா? ஹட்டி வீடுகள் சுவரோடு சுவர் ஒட்டி வரிசையாக நிற்பவை, பக்கவாட்டில் மறைவு கிடையாது. அதனால் மறைவை ஆழத்தில் வைத்தார்கள்: வந்தவர்களுக்கு முன் அறை, வீட்டாருக்கு உள் அறை. முழுச்சுவர் வேண்டாம், கதவுக்கு நேரே ஓர் அலமாரியைக் குறுக்கே நிறுத்துங்கள், போதும்.

கொடைக்கானலிலிருந்து: ஹோம்ஸ்டே கண்ணாடிக்கு ஒன்வே ஃபிலிம் ஒட்டலாமா?

பதில்: பகலுக்கு மட்டும். வெளிச்சம் அதிகமுள்ள பக்கம்தான் தெரியும், ராத்திரி லைட் போட்டால் உள்ளே இருப்பவர்தான் காட்சிப்பொருள். திரையும் மாட்டுங்கள்.

ஊட்டியிலிருந்து: பக்கத்து வீட்டார் எங்கள் படுக்கையறையைப் பார்த்துப் புது ஜன்னல் திறக்கிறார்கள். சட்டம் உண்டா?

பதில்: அடுத்தவர் சொத்தின் மேல் நமக்குள்ள உரிமைகளைப் பற்றிய 1882 ஈஸ்மென்ட் சட்டம் 18ஆம் பிரிவில் இதையே உதாரணமாகச் சொல்லியிருக்கிறது, ஆனால் அந்த ஊரில் அப்படி ஒரு வழக்கம் இருக்கிறது என்று நீங்கள் நிரூபிக்க வேண்டும். ஜன்னல் சட்டத்தை வைத்துப் பூசுவதற்குள் போய்ப் பேசி, கீழ்ப்பாதிக்குப் பனிக்கண்ணாடி போடச் சொல்லுங்கள், செலவில் பாதியைத் தருவதாகச் சொன்னால் பெரும்பாலும் ஒத்துக்கொள்வார்கள்.